முகத்தில் கரி, கண்ணாடியில் ஆவி: விடியலில் பறவை பார்க்கக் கிளம்புகிறவர்களுக்கு

முதன்முதலாக முகத்தில் சாயம் பூசிக்கொண்டு நான் போய் உட்கார்ந்த இடம் கிருஷ்ணகிரி அணையின் நீர் வற்றிய கரை. சீமைக் கருவேலப் புதர் ஒன்றுக்குள் தலையை நுழைத்து, ஏசி காரிலிருந்து அப்போதுதான் எடுத்த பைனாகுலரை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். ஆறரை மணிக்குப் புள்ளிமூக்கு வாத்துகள் ஏழெட்டு வந்து இறங்கின. பைனாகுலரைக் கண்ணில் வைத்தால் பால் ஊற்றியதுபோல் ஒரே வெள்ளை. கட்டைவிரலால் துடைத்தேன், விரலில் இருந்த பச்சைச் சாயம் லென்ஸில் ஏறியது. சட்டை நுனியால் துடைத்தேன். பச்சை இன்னும் பரவியது. அந்த நேரம் பார்த்து ஆடு ஓட்டிக்கொண்டு வந்த ஓர் ஆயா, பத்தடி தள்ளி நின்று என் முகத்தை உற்றுப் பார்த்தார்.

"யாரு சாமி நீ? கூத்துக்கு வேசம் கட்டிட்டு வந்து இங்க உக்காந்திருக்க?"

"இல்ல ஆயா, வாத்து பாக்க வந்தேன்" என்று எழுந்தேன். அவ்வளவுதான், வாத்துகள் பறந்துவிட்டன. ஆயாவும் இருபது ஆடுகளும் அவ்வளவு பக்கத்தில் வந்தபோது அசையாமல் மிதந்தவை, நான் எழுந்ததும் போய்விட்டன.

முகத்தை மறைப்பது ஒரு வேலை, கண்ணாடியில் ஆவி படியாமல் காப்பது வேறு வேலை என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். இரண்டும் ஒன்றையொன்று பிடித்திழுக்கின்றன. முகமூடி போட்டால் மூச்சு மேலே ஏறி லென்ஸில் படிகிறது. எண்ணெய்ச் சாயம் பூசினால் அது கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு, அதன்மேல் படிகிற ஆவி துடைக்கத் துடைக்க மெழுகுகிறது. அதனால் எந்தப் பூச்சு வாங்குவது என்று யோசிக்கும்போதே கண்ணாடியையும் சேர்த்து யோசிக்க வேண்டும். புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது பெரும்பாலும் இதைச் சுற்றித்தான்.

கிளம்பும் முன் தெரிந்திருக்க வேண்டியவை

முகப்பூச்சு அமெரிக்காவில் வாத்து, வான்கோழி வேட்டைக்காரர்களின் பழக்கம். அங்கே உரிமம் வாங்கிப் பருவத்தில் வேட்டையாடலாம். இங்கே 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதன் 1991 திருத்தமும் அந்தக் கதையை முடித்துவிட்டன. காடை, கௌதாரி, முயல் எல்லாம் அந்தச் சட்டத்துக்குள்தான் வருகின்றன. சட்டத்தின் முதல் பட்டியலில், அதாவது மிக உயர்ந்த பாதுகாப்புள்ள பட்டியலில், உள்ள விலங்கு என்றால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. நம் கருவி பைனாகுலரும் கேமராவும்தான்.

கேமராதானே என்று நினைப்பவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். அந்தச் சட்டத்தில் 'வேட்டை' என்பதற்குக் கொடுத்துள்ள விளக்கத்தில், பறவையின் கூட்டையும் முட்டையையும் தொந்தரவு செய்வதும் அடங்கும். உருமறைப்புப் போட்டுக்கொண்டு கூட்டுக்குப் பக்கத்தில் போய் உட்காருவது திறமை இல்லை, குற்றம்.

இடம்: புதியவர்களுக்கு ஏரியும் அணைக்கரையும் போதும். கிருஷ்ணகிரி அணை, பாரூர் ஏரி, ஓசூர் ராமநாயக்கன் ஏரி, தருமபுரிப் பக்கம் தொப்பையாறு, வாணியாறு என்று எவ்வளவோ இருக்கின்றன. காவேரி வடக்கு வனவிலங்குச் சரணாலயம் 2014இல் அறிவிக்கப்பட்டது, தெற்குச் சரணாலயம் 2022இல். இவற்றுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் நுழையக் கூடாது, படம் எடுக்கவும் அனுமதி வேண்டும்.

உடை: ராணுவச் சீருடை போன்ற புள்ளித்துணியை வாங்காதீர்கள். 2022 ஜனவரியில் ராணுவம் அறிமுகப்படுத்திய புதிய போர்ச்சீருடையின் வடிவமைப்பு அவர்கள் பெயரில் பதிவு செய்யப்பட்டது, கண்டவர் தைத்து விற்க முடியாது. அதைவிட முக்கியம் இது எந்த ஊர் என்பது. வீரப்பனைத் தேடி அதிரடிப்படை ஆண்டுக்கணக்காக அலைந்த காடுகள் இவை. 2004 அக்டோபர் 18 இரவு பாப்பாரப்பட்டிப் பக்கத்தில்தான் அந்தத் தேடல் முடிந்தது. முகத்தில் கரி பூசி, புள்ளிச் சட்டை போட்டு, புதருக்குள் உட்கார்ந்திருப்பவனைப் பார்த்தால் பென்னாகரம் பக்கத்துப் பெரியவர்கள் சிரிக்க மாட்டார்கள். சாயம்போன பழுப்புச் சட்டை, காக்கி நிறத்தில் இல்லாத ஒரு கால்சட்டை, இவை போதும். ஊருக்குள் நுழைந்ததும் டீக்கடையில் நின்று, இன்ன ஏரியில் பறவை பார்க்கப் போகிறேன் என்று முகம் கழுவிய நிலையில் சொல்லிவிட்டுப் போங்கள். பூச்சு அதற்கு அப்புறம்.

யானை இருக்கிற பக்கம் உருமறைப்பே வேண்டாம். ஐப்பசியிலிருந்து மாசி வரை பன்னர்கட்டாப் பக்கமிருந்து யானைக் கூட்டங்கள் ஜவளகிரி வழியாகத் தளி, தேன்கனிக்கோட்டை, ஓசூர்க் காடுகளுக்கு வருகின்றன, கேழ்வரகு முற்றுகிற காலம் அது. யானைக்குப் பார்வை சுமார், மோப்பம் அபாரம். நீங்கள் பூசியிருக்கும் சாயம் யானையை ஏமாற்றாது. உங்களைத் தேடி வருகிற ஆட்களைத்தான் ஏமாற்றும். அந்த மாதங்களில் அந்தப் பக்கம் போனால் வெளிச்சம் வந்தபின் போங்கள், "ராத்திரி யானை வந்துச்சாங்க?" என்று கேட்டுவிட்டுப் போங்கள்.

விடியுமுன் வயல் ஓரமாக இருட்டில் நடக்கவும் கூடாது. காட்டுப்பன்றிக்காகத் திருட்டுத்தனமாக மின்சாரம் விட்ட கம்பிகள் கிருஷ்ணகிரி, தருமபுரி இரு மாவட்டங்களிலும் உண்டு. 2023 மார்ச்சில் மாரண்டஹள்ளிப் பக்கம் அப்படி ஒரு கம்பியில் பட்டு 3 யானைகள் செத்தன. யானையைக் கொன்ற கம்பி நம்மை விடுமா?

முகத்தில் எது பளிச்சென்று தெரிகிறது

வெளிநாட்டுக் காணொளிகளைப் பார்த்து வாங்குகிறவர்கள் செய்கிற முதல் தவறு நிறம். அவர்கள் முகம் வெளுப்பு, அதைக் கறுப்பாக்குவதுதான் அவர்கள் சிக்கல். நம்மில் பெரும்பாலோருக்கு முகம் ஏற்கெனவே மண்ணின் நிறத்தில்தான் இருக்கிறது. நம் சிக்கல் பளபளப்பு. நெற்றி, மூக்குத்தண்டு, கன்ன எலும்பு, முகவாய், இந்த நான்கு இடத்திலும் வியர்வையும் எண்ணெயும் சேர்ந்து காலை வெயிலில் மின்னும். மின்னுகிற ஒன்று அசைந்தால் கொக்கு அரைக் கிலோமீட்டருக்கு அப்பால் எழுந்து போகும்.

பறவைக்கு நான்கு வகை நிற உணர்விகள் உண்டு, நமக்கு மூன்று, மானுக்கும் யானைக்கும் இரண்டு. நமக்குத் தெரியாத புறஊதாவையும் நிறையப் பறவைகள் பார்க்கும். துணி வெளுப்பாகத் தெரிவதற்காகச் சலவைத்தூளில் சேர்க்கிற பொருள் புறஊதாவை வாங்கி நீல ஒளியாக உமிழ்கிறது. அதனால் பறவை பார்க்கப் போடும் சட்டையை வெறும் தண்ணீரிலோ சாதாரண சோப்பிலோ அலசுங்கள். முகத்துக்கு மணமுள்ள பவுடர் வேண்டாம், அதில் இருக்கும் வெண்மையே போதும் காட்டிக்கொடுக்க.

ஆக, தேவை இரண்டே நிறம், இரண்டும் மினுமினுப்பு இல்லாதவை. தூக்கி நிற்கிற இடங்களில் அடர்ந்த நிறம், குழிந்த இடங்களில் (கீழுதட்டின் கீழ், கன்னக்குழி) வெளிர் நிறம். பச்சை இந்த ஊருக்கு ஐப்பசி, கார்த்திகை, மிஞ்சிப்போனால் மார்கழி வரைதான். தை பிறந்தால் கரையெல்லாம் வைக்கோல் நிறம். பங்குனியில் கரும்பாறையும் காய்ந்த உண்ணிச்செடியும்தான் மிச்சம், அப்போது சாம்பலும் பழுப்பும் எடுபடும். ராயக்கோட்டைப் பக்கத்துப் பாறைக்குன்றுகளில் பச்சை பூசியவன் தட்டில் வைத்த வெண்டைக்காய் மாதிரி தெரிவான்.

எதை வாங்குவது

மெழுகுக் குச்சி: உதட்டுச்சாயம்போல் திருகி எடுப்பது. மழையிலும் வியர்வையிலும் கரையாது. ஆனால் எண்ணெயும் மெழுகும் கலந்தது, தோலை அடைக்கும், சித்திரையில் பூசினால் மதியத்துக்குள் வேர்க்குரு. தொட்டதிலெல்லாம் ஒட்டும். மார்கழிக் குளிரில் கல்லாக இறுகிவிடும், உள்ளங்கையில் வைத்துச் சூடாக்கித்தான் தேய்க்க முடியும்.

கிரீம் டப்பா: மூன்று நான்கு நிறம், மூடியில் கண்ணாடி. பூச எளிது. அந்தக் கண்ணாடியை ஏரிக்கரையில் திறந்தால் சூரியனை வாங்கித் திருப்பி அடிக்கும், எல்லாப் பறவைக்கும் செய்தி போய்விடும். வண்டியிலேயே பூசி முடியுங்கள்.

நீரில் குழைக்கும் சாயவில்லை: ஈரப் பஞ்சால் தொட்டுப் பூசுவது. லேசாக இருக்கும், காய்ந்தால் மினுக்காது, வெறும் தண்ணீரில் போகும். வியர்த்தால் வழியும் என்பது இதன் குறை. காலை ஆறு முதல் எட்டரை வரை உட்கார்ந்துவிட்டு வருகிறவருக்கு, அதுவும் கார்த்திகை முதல் மாசி வரை, இதுதான் என் தேர்வு. லென்ஸில் பட்டாலும் எண்ணெய்ப் பிசுக்கு ஏறாது.

வலைத்துணி முகமூடி: பூச்சே வேண்டாம் என்பவர்களுக்கு. கோடையிலும் ஆடி, ஆவணிப் புழுக்கத்திலும் இதுதான் நல்லது. மூச்சு விவகாரத்தைக் கீழே சொல்கிறேன்.

மூக்குக் கண்ணாடி போடுபவரா? முகமூடி வேண்டாம், சாயவில்லை வாங்குங்கள். கண்ணாடி போடாதவரா? வலைத்துணியே போதும், செலவும் ஒருமுறைதான். தாடி அடர்ந்தவர்கள் தாடிக்கு எதுவும் செய்ய வேண்டாம், அதுவே நல்ல உருமறைப்பு. சாயம் அதில் ஒட்டவும் ஒட்டாது.

வீட்டுச் சரக்கைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். அடுப்புக்கரியைத் தேங்காய் எண்ணெயில் குழைத்தால் நிறம் சரியாக வரும், ஆனால் எண்ணெய் மின்னும். எதற்குப் பூசுகிறோமோ அதையே கெடுத்துவிடும். எண்ணெய் விடாமல், எரித்த தக்கையின் கரியை அப்படியே தேய்த்தால் பரவாயில்லை. நான் ஒருமுறை புத்திசாலித்தனமாகக் கேழ்வரகு மாவைத் தொட்டு ஒற்றிப் பார்த்தேன். நிறம் பிரமாதம், பாறையோடு பாறை. அரை மணி நேரத்தில் வியர்வையில் களியாகி, எறும்பு ஏறிவிட்டது.

இந்த ஊரில் முகத்தில் நிறம் பூசுவதைப் பற்றிப் பேசினால் பாரதக் கூத்தை விட்டுவிட்டுப் பேச முடியாது. திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் விடிய விடியப் பூச்சோடு ஆடுகிறவர்களை விட இதில் அனுபவம் யாருக்கு உண்டு? அவர்களிடம் கற்றுக்கொள்ள இரண்டு உண்டு. ஒன்று, பூச்சைத் தேய்க்காமல் ஒற்றி ஒற்றி எடுப்பது. மற்றது, ஆட்டம் முடிந்ததும் சோப்பைத் தேடாமல் தேங்காய் எண்ணெயால் கலைப்பது. ஆனால் பழைய நிறப்பொடிகளை மட்டும் கேட்டு வாங்காதீர்கள். ஒப்பனைக்கே பேராகிவிட்ட 'அரிதாரம்' என்ற சொல் ஆர்செனிக் கலந்த மஞ்சள் கனிமத்தின் பெயர். செந்தூரத்திலும் ஈயமோ பாதரசமோ இருக்கலாம். போஸ்டர் கலர், ஹோலிப் பொடி, பள்ளி ஆண்டுவிழா மினுக்குச் சாயம் இவையும் வேண்டாம்.

எதை வாங்கினாலும் முந்தின நாளே முழங்கையின் உள்பக்கம் ஒரு ரூபாய் அளவு பூசி ஒரு நாள் விட்டுப் பாருங்கள். சிவந்தால், அரித்தால் அதைக் கைவிடுங்கள்.

பூசும் முறை

முகத்தைக் கழுவி நன்றாகத் துடைத்து, தேவையானால் வெயில் களிம்பு பூசிக் கால் மணி நேரம் காய விடுங்கள். அப்புறம் அடர்ந்த நிறத்தை நெற்றியின் ஒரு பக்கத்திலிருந்து மூக்கைக் கடந்து எதிர்க் கன்னம் வரை சாய்வாக ஒற்றுங்கள். முகம் முழுக்க ஒரே சீராகப் பூசினால் முகம் முகமாகத்தான் தெரியும், கறுத்த முகமாக. இடதும் வலதும் ஒன்றுபோல் இருக்கக் கூடாது, கண்ணும் மூக்கும் சேர்ந்து போடுகிற அந்த முக்கோணம் உடைய வேண்டும். காது, பின்கழுத்து இரண்டையும் மறக்காதீர்கள். எல்லோரும் மறப்பது அவைதான்.

கண்ணைச் சுற்றி இரண்டு விரல் அகலத்துக்கு ஒன்றும் பூசாமல் விடுங்கள். பைனாகுலரின் ரப்பர் வளையம் போய் உட்காருகிற இடம் அது. அங்கே சாயம் இருந்தால் வளையத்துக்கு ஏறி, வளையத்திலிருந்து லென்ஸுக்கு ஏறும். வியர்வையோடு கண்ணுக்குள்ளும் வழியும். அந்த வெற்றுத்தோல் தெரியுமே என்றால், தொப்பியின் விளிம்பு போடுகிற நிழல் அதைப் பார்த்துக்கொள்ளும்.

கை. முகத்தைவிட அதிகம் அசைவது கை. பறவை முதலில் பார்ப்பதும் அதைத்தான். புறங்கையில் மட்டும் பூசுங்கள், விரல் நுனியில் கூடவே கூடாது. மெல்லிய பழைய பருத்திக் கையுறை இருந்தால் இன்னும் நல்லது. கொசு விரட்டியைக் கையால் பூசிவிட்டு அதே கையால் பைனாகுலரைத் தொடாதீர்கள். சில விரட்டிகளில் உள்ள டீட் என்ற பொருள் பிளாஸ்டிக்கையும் ரப்பரையும் அரிக்கும், லென்ஸின் பூச்சுக்கும் நல்லதில்லை. விரட்டியைக் காலுறையிலும் கால்சட்டையிலும் தடவிக்கொண்டு, கையைத் துடைத்துவிட்டு, அதன்பின் கருவியை எடுங்கள்.

இருட்டில் ரோட்டைக் கடக்க வேண்டியிருந்தால், பூச்சும் பழுப்புச் சட்டையுமாகக் கடக்காதீர்கள். சேலம் பெங்களூரு நெடுஞ்சாலையில் விடியற்காலை லாரிக்காரருக்கு நீங்கள் தெரிய வேண்டும். ஒரு வெள்ளைத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு போய், கரைக்குப் போனபின் பைக்குள் வையுங்கள்.

ஆவி ஏன் படிகிறது

குளிர்ந்த சொம்பின் வெளியே தண்ணீர் முத்து முத்தாக அரும்புகிறதே, அதே சங்கதி. காற்றில் கலந்திருக்கும் நீராவி ஒரு குறிப்பிட்ட வெப்பநிலைக்குக் கீழே உள்ள எதன்மேலும் நீராகப் படியும். காற்று 28 டிகிரி செல்சியஸ், ஈரப்பதம் 70 சதம் என்றால் அந்த எல்லை ஏறத்தாழ 22 டிகிரி. உங்கள் கார் ஏசி 21இல் ஓடியிருந்தால் பைனாகுலரும் அதே 21இல் இருக்கும். கதவைத் திறந்து இறங்கினால் வெள்ளை. அன்று எனக்கு வாத்து தெரியாமல் போனது இப்படித்தான்.

இந்தப் பகுதிக்கே உரிய இன்னொரு கணக்கு உண்டு. ஓசூர் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர், கிருஷ்ணகிரி அதைவிட நானூறு மீட்டர் போலக் கீழே. பெங்களூரு, ஓசூர்ப் பக்கமிருந்து விடியலில் ஜன்னலைத் திறந்துபோட்டு பைக்கிலோ காரிலோ இறங்குகிறவர்களின் கருவி மேட்டுக் குளிரில் ஊறி, கீழே வந்ததும் ஏரிக்கரை ஈரக் காற்றைச் சந்திக்கிறது. ஏசியே போடாமல் வந்தேன், ஏன் ஆவி பிடித்தது என்று கேட்பவர்களுக்குப் பதில் இதுதான்.

மூன்றாவது, மார்கழி, தை மாதத் தெளிந்த வானம். மேகம் இல்லாத இரவில் வானத்தைப் பார்த்துத் திறந்திருக்கும் கண்ணாடி, சுற்றியுள்ள காற்றைவிட ஓரிரு டிகிரி கூடுதலாகக் குளிரும். காற்று 15 டிகிரி, ஈரப்பதம் 90 சதம் என்றால் ஒன்றரை டிகிரி குளிர்ந்தாலே பனி இறங்கிவிடும். புல்லில் பனி இருந்தால் லென்ஸிலும் இருக்கும்.

நான்காவது உங்கள் மூச்சு. வெதுவெதுப்பும் ஈரமும் நிறைந்த காற்று, கண்ணிலிருந்து மூன்று விரல் தள்ளி, ஓயாமல்.

அதைத் தடுப்பது

காரில் வருகிறவர்கள் கருவியைப் பைக்குள் வைத்து ஜிப்பை மூடி, டிக்கியில் போடுங்கள். இறங்குவதற்கு இருபது நிமிடம் முன்பே ஏசியை அணைத்து ஜன்னலை இறக்குங்கள். இறங்கியபின் பையைத் திறக்காமல் அரை மணி நேரம் அப்படியே விடுங்கள். மெதுவாகச் சூடேறட்டும், படிகிற ஈரம் பையின் வெளியே படியட்டும். அந்த அரை மணியில் டீ குடிக்கலாம், முகத்தில் பூசலாம். வரிசையை இப்படி வைத்துக்கொண்டால் காத்திருப்பதே தெரியாது.

குளிர்காலப் பனிக்கு லென்ஸை வானத்துக்குக் காட்டாமல் இருப்பதே பாதி மருந்து. பைனாகுலரை மார்பில் தொங்கவிடும்போது பெரிய லென்ஸ்கள் தரையைப் பார்க்கட்டும், கண்பக்கத்தை மழைமூடியால் மூடுங்கள். கேமரா லென்ஸின் முன்னால் நீளமான ஹூட் (குழல்போன்ற மறைப்பு) போடுங்கள். பைனாகுலரைச் சட்டைக்குள் விட்டுச் சூடாக வைத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். நடந்து வியர்த்த உடம்பாக இருந்தால் அங்கே இருப்பது நீராவிக் குளியல், வெளியே எடுத்ததும் இன்னும் மோசம். மேல்சட்டைக்கும் உள்சட்டைக்கும் நடுவே, வியர்க்காமல் உட்கார்ந்திருக்கும்போது மட்டும் வைக்கலாம்.

முகமூடிக்காரர்களுக்கு: வலைத்துணியை மூக்கின் கீழே இறக்கி விடுங்கள், அல்லது மூக்குக்கு நேரே ஒரு துளை வெட்டுங்கள். மேல் விளிம்பில் வளையும் கம்பி இருந்தால் அதை மூக்குத்தண்டில் இறுக்கி அமுக்கி, அடி விளிம்பைத் தளர்வாக விடுங்கள். மூச்சுக்குக் கீழே வழி கிடைத்தால் மேலே ஏறாது. பைனாகுலரைத் தூக்கும்போது கீழுதட்டை லேசாக முன்னால் தள்ளாமல், மேலுதட்டை முன்னால் நீட்டி ஊதிப் பாருங்கள், காற்று முகவாய்ப் பக்கம் இறங்கும். நான்கு நாள் பழகினால் தானாக வரும். ஏரிக்கரை வரை விறுவிறுவென நடந்து போய் மூச்சு வாங்க வாங்கக் கண்ணில் வைத்தால் எந்த வித்தையும் பலிக்காது. ஐந்து நிமிடம் சும்மா உட்காருங்கள்.

மூக்குக் கண்ணாடிக்குப் பழைய வைத்தியம் வேலை செய்கிறது: பாத்திரம் கழுவும் திரவம் அரிசி மணி அளவு தடவி, ஈரமில்லாத மெல்லிய துணியால் மினுமினுப்புப் போகும் வரை தேய்த்துவிடுங்கள். கண்ணுக்குத் தெரியாத படலம் ஒன்று நிற்கும், ஆவி முத்தாகத் திரளாமல் பரவிவிடும். பைனாகுலர், கேமரா லென்ஸில் இதைச் செய்யாதீர்கள். அவற்றின் பூச்சு விலை அதிகம், உங்கள் சோப்பு எதனால் ஆனது என்று யாருக்கும் தெரியாது.

இவ்வளவுக்குப் பிறகும் ஆவி பிடித்தால் துடைக்க அவசரப்படாதீர்கள். சூடாக ஊதவும் வேண்டாம். ரப்பர் வளையத்தை முகத்திலிருந்து ஒரு விரல் தள்ளிப் பிடித்து, தொப்பியால் மெல்ல விசிறுங்கள். வெப்பநிலை சமமானதும் தானே போய்விடும். துடைத்தே ஆக வேண்டுமென்றால் முதலில் ரப்பர் ஊதுபந்தால் தூசியை விரட்டுங்கள். இந்த ஊர்த் தூசி கருங்கல் தூசி, ஆவியோடு சேர்த்துத் தேய்த்தால் லென்ஸில் கீறல்தான். பிறகு பஞ்சுபோன்ற மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றுங்கள். அந்தத் துணி தனிப் பையில் இருக்கட்டும். முகம் துடைக்கிற துண்டு வேறு, அதில் சாயமும் எண்ணெயும் இருக்கும்.

ஒகேனக்கல்லில் நடப்பது வேறு கதை. அருவிச் சாரல் ஆவி இல்லை, தண்ணீரே பறந்து வந்து விழுகிறது. அங்கே லென்ஸின் முன்னால் ஒரு சாதாரண வடிகட்டிக் கண்ணாடியை (ஃபில்டர்) மாட்டி அதைத் துடைத்துக்கொண்டிருப்பதே வழி. பரிசலில் போகும்போது கருவியை நீர்புகாப் பையில் வையுங்கள். நீர்நாய் தெரிந்தால் எடுத்துக்கொள்ளலாம்.

திரும்பி வந்தபின்

முதலில் கருவி, அப்புறம் முகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ரப்பர் வளையங்களை முழுக்க வெளியே இழுத்து ஈரத்துணியால் துடையுங்கள், சாயம் ஒளிந்துகொள்வது அந்த மடிப்பில்தான். எண்ணெய்ச் சாயம் லென்ஸில் ஏறியிருந்தால் லென்ஸுக்கென்று விற்கும் திரவத்தைத் துணியில் ஒரு சொட்டு விட்டுத் துடையுங்கள், நேராக லென்ஸில் ஊற்றாதீர்கள்.

முகத்துக்கு, குச்சியோ கிரீமோ என்றால் தேங்காய் எண்ணெய் தடவி ஒரு நிமிடம் விட்டுப் பஞ்சால் எடுத்து, பிறகு சோப்பு. சாயவில்லை என்றால் தண்ணீர் போதும்.

உள்ளே ஆவி பிடித்திருந்தால், அதாவது வெளியே எவ்வளவு துடைத்தாலும் வெள்ளை போகவில்லை என்றால், வெயிலில் காய வைக்காதீர்கள். அரிசிப் பானையிலும் போடாதீர்கள், அரிசியில் இருக்கும் மாவுத்தூசி மிச்சத்தையும் கெடுக்கும். காற்றுப் புகாத டப்பாவில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு இரண்டு மூன்று நாள் மூடி வையுங்கள். நிறம் மாறுகிற மணிகளை வாங்கினால் அவை ஈரம் குடித்துவிட்டதா என்று தெரியும், சூடாக்கினால் மறுபடி உழைக்கும். நீல மணிகளில் கோபால்ட் இருப்பதால் சமையல் தோசைக்கல்லில் போட்டு வறுக்க வேண்டாம், ஆரஞ்சு மணிகளாகப் பார்த்து வாங்குங்கள். உள்ளே நைட்ரஜன் நிரப்பி அடைத்த நீர்புகாப் பைனாகுலருக்கு இந்தத் தொல்லை வராது. புதிதாக வாங்குகிறவர்கள் அந்த ஒரு வசதிக்காகச் சற்றுக் கூடுதலாகக் கொடுக்கலாம், 8x42 அளவு (எட்டு மடங்கு பெரிதாக்கும், முன் லென்ஸ் 42 மில்லிமீட்டர்) இந்த வேலைக்குப் போதும்.

மழைக்காலத்தில் கருவியைத் தோல்பைக்குள்ளேயே விட்டு அலமாரியில் பூட்டினால் பூஞ்சை பிடிக்கும். நாற்பது ஐம்பது சதம் ஈரப்பதத்தில் இருக்கும்படி டப்பாவைப் பார்த்துக்கொள்ளுங்கள். அதைவிட ரொம்பக் காய்ந்தால் உள்ளே உள்ள மசகு இறுகும். லென்ஸின் உள்ளே சிலந்தி வலைபோல் மெல்லிய இழைகள் தெரிந்தால் அது பூஞ்சைதான். நீங்களே திருகைக் கழற்றாமல் பழுது பார்ப்பவரிடம் கொடுங்கள், அதுவரை மற்றக் கருவிகளோடு சேர்த்து வைக்காதீர்கள்.

பூச்சு வாங்கப் பணமில்லை, தோலுக்கும் ஒத்துவரவில்லை என்பவர்களுக்கு: சாயம்போன பழுப்புத் துண்டு ஒன்றைத் தலையில் போட்டு, இரண்டு பக்கமும் கன்னத்தை மூடித் தொங்கவிட்டு, ஆடு மேய்கிற கரையில் ஆடுகளுக்கு நடுவே உட்காருங்கள். புதருக்குள் பதுங்க வேண்டாம். இப்போதெல்லாம் நான் பாதி நாள் அப்படித்தான் போகிறேன். மூச்சு கீழே போகிறது, கண்ணாடியில் எதுவும் ஒட்டுவதில்லை, வாத்துகளும் ஆட்டுக்காரரைப் பார்க்கிற மாதிரிதான் என்னைப் பார்க்கின்றன. ஆட்டுக்காரரிடம் மட்டும் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.